கடல் மணலுக்கு ஒரு ஊன்றுகோல்

என் அக்கா நடக்கும்போது விழுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து, மீன் நிறைத்த பனையோலைக் கூடையை, எங்கள் பேச்சில் கடவத்தை, தலையில் ஏற்றி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஊர் ஊராக நடந்து விற்றவள். ஒருநாளும் கடவம் சரிந்ததில்லை. அந்த மீனில் படித்துத்தான் நான் நாகர்கோவிலில் ஒரு அலுவலகத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தேன்.

போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது காதுக்குள் எதையோ கெடுத்துவிட்டுப் போயிற்று. எழுந்து நின்றால், “தரை வள்ளம் மாதிரி ஆடுகு” என்றாள். உடம்பை நிலையாக நிறுத்தும் நரம்பு காதுக்குள்தான் இருக்கிறது, அது பழுதாகிவிட்டது, பயிற்சியும் வேண்டும், பிடித்து நடக்க ஏதாவது துணையும் வேண்டும் என்றார் டாக்டர். அதற்குள் வீட்டு முற்றத்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டாள். கல்ஃபில் இருக்கும் அவள் மகன் ஃபோனில் கத்தினான். “இனி ஒருக்க விழுந்தா கரைக்குப் போகப்பிடாது. யாவாரத்த விட்டிரணும், கேட்டியளா?”

அக்கா ஃபோனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடவத்தை இப்போதெல்லாம் ஆட்டோ சுமக்கிறது. ஆனால் ஏலத்தில் நின்று, மீனின் கண்ணையும் செவுளையும் பார்த்து, தன் வாயால் கேட்டு எடுப்பதை அவள் யாரிடமும் விட்டதில்லை. அதை விட்டால் அவளுக்கு என்ன மிச்சம்? எனக்கு அவன்மேல் ஆத்திரமாக வந்தது. அவன் சொன்னதில் நியாயம் இருந்ததால் ஆத்திரம் இன்னும் கூடியது.

அந்த வேகத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சக்கரம் வைத்த வாக்கர் ஒன்றை வாங்கினேன். நானும் அவளும் ஒரே உயரம். அதனால் கடையில் என்னையே அளவுக்கு நிறுத்திக் கைப்பிடியைச் சரிசெய்யச் சொன்னேன். நான் நின்றதோ அலுவலகத்துக்குப் போடுகிற குதிகால் செருப்பில். அக்கா கரையில் செருப்பே போடமாட்டாள். வாக்கரைப் பிடித்ததும் அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. சரி, உயரத்தைக் குறைக்கலாம். மணலை என்ன செய்ய? கரையில் இறக்கியதும் சக்கரம் நாலும் புதைந்து நின்றன.

“நல்ல வண்டிதான் ஏட்டி. இதுல மீனு போவும். நான் போவமாட்டேன்” என்றாள்.

இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போய், நாகர்கோவிலில் பிசியோதெரபி செய்கிற பெண்ணிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண் ஒரு கம்பைக் கொடுத்து நடக்கச் சொன்னாள். அக்கா ஒவ்வோர் அடிக்கும் தன் காலையே குனிந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்கத் தள்ளாடினாள். “நேரா பாருங்கம்மா, தூரத்த பாருங்க” என்று அந்தப் பெண் நாலைந்து நாளாகச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனாள். பயம் கண்ணைக் கீழே இழுத்துக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அக்கா நடு அறையில் நின்று என்னிடம் கை நீட்டினாள். “அந்தத் தோர்த்த இங்க தா.”

பையிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தேன். சுவரில் சாய்ந்துகொண்டு அதைச் சும்மாடாகச் சுருட்டினாள். கடவம் ஏற்றுவதற்கு முன்னால் வைக்கிற அதே துணி வளையம். தலையில் வைத்தாள். கழுத்து தானாக நிமிர்ந்தது, கண் எதிர்ச்சுவருக்குப் போய்விட்டது. கம்பை ஊன்றி அறையின் அந்தக் கோடி வரை நடந்தாள். தள்ளாட்டம் முழுக்கப் போகவில்லை, ஆனால் அவள் அதைப் பார்த்துப் பயப்படவில்லை. கூடவே கை வைத்து நடந்த அந்தப் பெண் சிரிக்கவில்லை. “நான் சொன்னது இதுதாம்மா, எனக்குச் சொல்லத் தெரியல்ல” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு கெட்டிக்காரியிடம் கேட்காமலா நான் வாக்கர் வாங்கினேன்?

கம்பு வாங்க இந்தத் தடவை அவளே வந்தாள். வெறுங்காலோடு நின்று, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு வரும் இடத்தில் கைப்பிடி இருக்கும்படி கடைக்காரர் அளந்தார். அதோடு விட்டாளா? எதிரே யாரோ வீடு கட்டக் குவித்திருந்த மணலைப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு கம்பாக எடுத்துப் போய் அந்தக் குவியலில் ஊன்றிப் பார்த்தாள். என் ஒரு கை அவள் இடுப்பில். கடைக்காரர் வாசலில் நின்று, “அம்மா, கீறல் விழுந்திரும்” என்று கெஞ்சினார்.

“இது எம்சாண்டு மக்கா. கடல்மணலு இதவிட இளகும்” என்றாள் அக்கா.

சின்ன ரப்பர் வைத்தது குத்திக்கொண்டு இறங்கியது. நாலு கால் வைத்தது சாய்ந்தது. கடைசியில், அடியில் தோசைக்கரண்டி அகலத்துக்கு ரப்பர் பாதம் வைத்த ஒரு கம்பு புதையாமல் நின்றது. அதை எடுத்துக்கொண்டாள். கடைக்காரர் மணலைத் துடைத்துக் கொடுத்தபோது, இதுவரை எவரும் இப்படிப் பார்த்து வாங்கியதில்லை என்றார். என்னவோ என்னையே புகழ்ந்ததுபோல் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு மாதப் பயிற்சிக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில் கரைக்குப் போனோம். தலையில் சும்மாடு, கையில் கம்பு, காலில் ஒன்றுமில்லை. ஈரமணலைப் பார்த்துப் பார்த்து அல்ல, கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். விழுந்தால் பிடிக்க, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். சாளை மீன் குவியலைச் சுற்றிக் கூட்டம் நின்றது. அக்காவைக் கண்டதும் பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். ஏலம் சூடு பிடித்தது. என் கை இரண்டும் அவள் முதுகுக்குப் பின்னால் விரிந்தபடியே இருந்தன.

அக்கா திரும்பாமலே சொன்னாள்.

“ஏட்டி, கையக் கீழ போடு. நீ ஏலம் கேக்கியன்னு ஏலக்காரன் நெனச்சிருவான்.”

கையைக் கீழே போட்டேன். அவள் குரலை உயர்த்தி, அந்தக் குவியலைக் கேட்டாள்.