தெப்பக்குளத்தில் தேடிக்கொண்ட இருவர்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. காவல் வேலை!

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் கவிதா, பசுமலையில் கணக்கு டீச்சர். டேட்டிங் ஆப்பில் பழக்கமான சரவணன் என்பவரை முதன்முதலாக நேரில் பார்க்கக் கிளம்பினாள். "துணைக்கு வாங்கக்கா. ஆனா பக்கத்துல மட்டும் வந்துராதீங்க" என்று கண்டிஷன் வேறு.

கவிதாவுக்கு இது விளையாட்டு இல்லை. இதற்கு முன்னால் மூன்று பேர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "ஜாதகம் சேரலை" என்று போனார்கள். அதில் ஒருவர் ஜாதகத்தை வாங்கவே இல்லை! கவிதா கருப்பு. நல்ல கருப்பு. "இந்தாளும் மூஞ்சியப் பாத்துட்டு எந்திரிச்சுப் போனா, எனக்கு இந்தக் கல்யாணப் பேச்சே வேணாங்க்கா" என்று சொல்லித்தான் வண்டியில் ஏறினாள்.

பாவமாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது... அவள் ஆப் பார்க்கும் அழகைப் பார்க்கிற வரைக்கும். கட்டைவிரல் சர்ர்ரென்று ஆட்களைத் தள்ளிக்கொண்டே போகும்.

"ஏம்மா, இந்தப் பையன் லட்சணமாத்தானே இருக்கான்?"

"ரொம்பக் கருப்பா இருக்காருக்கா!"

கனடாவில் டேட்டிங் ஆப்பில் நம் பையன்களை நிறம் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று அவள் ஸ்டேட்டஸ் வைத்துப் பொங்கியதும் அதே வாரம்தான்.

நான் மட்டும் யோக்கியமா? அவளுடைய ஆப் போட்டோவை எடுத்தது நான். போனில் முகத்தை வெளுத்துக் காட்டும் 'பியூட்டி'யைக் கடைசி வரைக்கும் கூட்டி வைத்ததும் நானேதான். 'கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கட்டுமே' என்று தோன்றிவிட்டது.

சரி, தெப்பக்குளத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கவிதா நீலச் சுடிதாரில் சுற்றுச்சுவரில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பத்தடி தள்ளி, கையில் கடலைப் பொட்டலத்தோடு. கொஞ்ச நேரத்தில் கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் வந்தார். நீலச் சுடிதாரைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். 'இது இல்லை' என்று முடிவு கட்டி, நாலடி தள்ளி உட்கார்ந்தார்.

கவிதாவும் அவரைப் பார்த்தாள். அதே தீர்ப்பு!

இரண்டு பேரும் குனிந்து மெசேஜ் தட்டுகிறார்கள். "எங்க இருக்கீங்க?" "சுவர்ல. நீங்க?" "நானும் சுவர்லதான்." இப்படியே கால் மணி நேரம். கடைசியில் பொறுமை இழந்து கவிதா போன் போட்டாள். பக்கத்தில் மணி அடித்தது.

இருவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். நான் கடலை கொறிப்பதை நிறுத்தினேன். எழுந்து போய்விடுவாரோ?

"போட்டோல வேற மாதிரி இருந்தீங்க..." என்று இழுத்தார்.

"உங்க போட்டோ மட்டும் என்ன வாழுதாம்?"

அவர் சிரித்துவிட்டார். "மெடிக்கல் ரெப்புங்க நான். திருவாதவூர்லருந்து தெனம் பைக்ல வெயில்ல அலையுறேன். தங்கச்சிதான் போட்டோவ வெளுத்து விட்டா."

அப்புறம் என்ன பேசினார்களோ, அரை மணி நேரம் ஓடிவிட்டது. இருவரையும் சேர்த்துப் போட்டோ எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். சரவணன் அதை நோண்டிக்கொண்டே தயங்கினார். "வெளியூர்ல இருக்குற அம்மாவுக்கு அனுப்பணும். செவப்பாப் பொண்ணு வேணும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. இப்போதைக்கு லேசா வெளுத்து அனுப்பிக்கிறேனே?"

கவிதாவின் முகம் வாடிப்போனது. ஆனால் குரல் வாடவில்லை. "அப்புறம் தாலிய யாருக்குக் கட்டுவீங்க, அந்தப் போட்டோவுக்கா? இருக்குற மாதிரியே அனுப்புங்க. இல்லேன்னா இப்பவே சொல்லிருங்க, நான் போறேன்."

மனுஷன் அனுப்பிவிட்டார். இரண்டு டிக்கும் நீலமானது. மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. அழுத்தினார்.

"பொண்ணு லட்சணமா இருக்கா. நீ ஏன்டா இம்புட்டு கருத்துப் போயிட்ட?"

கவிதாவை விடுங்கள்... இனிமேல் கவலைப்பட வேண்டியது சரவணன்தான்!