காட்டுக்குள் போட்ட புகை

குதிகாலில் ஏறிய சூரைமுள் நகத்துக்குச் சிக்கவில்லை. லோகநாயகி மணலில் உட்கார்ந்து காலைப் புருஷன் பக்கம் நீட்டினாள். அங்கமுத்து தூண்டில் முனையால் குத்திக் கிளறினான்.

“மெதுவாயா. மீனா அது?”

“மீனா இருந்தா வுட்டுட்டிருப்பனா? இந்நேரம் துன்னுருப்பேன்.”

வெளிச்சம் வரும் முன்பே கட்டுமரத்தைத் தாழைப் புதரில் ஒளித்துவிட்டு இருவரும் காட்டுக்குள் நுழைந்திருந்தார்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் தீவு அது. கோட்டைக்குப்பத்தில் பிறந்த லோகநாயகிக்கு அது தினமும் வடக்கே தெரிகிற ஒரு கறுப்புக் கோடு. அதற்குள் மரங்கள் தனித்தனியாக நிற்கும் என்றுகூட அவள் நினைத்ததில்லை.

அவள் தம்பி குப்பன் இதற்குள் எங்கோ இருந்தான். கோட்டையாட்கள் கையில் சிக்கும் முன்பு அவன் இவள் கையில் கிடைக்க வேண்டும். கிடைத்தால் கட்டுமரத்தில் ஏற்றி வடக்கே தெலுங்குக் கரையில் இறக்கிவிடலாம். அங்கே அங்கமுத்துவின் சின்னம்மா இருந்தாள்.

அம்மா பேதியில் போனபோது குப்பன் தவழ்ந்துகொண்டிருந்தான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் லோகநாயகி நண்டு பிடிக்கப் பழகினாள். கல்யாணமாகி வந்தபோதும் கூட்டிக்கொண்டே வந்தாள். பெண்ணுக்குப் போட்ட சீர் தானே நடந்து வருகிறது என்று குப்பத்தில் கேலி பேசினார்கள். அவளுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டும் இந்தப் பஞ்சத்தில் போய்விட்டன. மழை பொய்த்தது. ஏரி உப்பேறிச் சுருங்கியது. மீன் செத்து மிதந்தது. உள்நாட்டிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்தவர்கள் கோட்டை வாசலில் நின்று அரிசிக்காகத் தங்களையே விற்றுக்கொண்டார்கள். கோட்டையை வைத்திருந்த உலாந்தா வெள்ளைக்காரர்களின் கப்பல் அவர்களை அடிமைகளாக ஏற்றிக்கொண்டு போனது. ஒருநாள் குப்பனும் சொல்லாமல் போய் அந்த வாசலில் நின்றான். அவன் கொடுத்தனுப்பிய அரிசியை அவள் பொங்கினாள். தின்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

முந்தாநாள், ஆட்களைக் கப்பலுக்குக் கொண்டுபோன மசூலாப் படகு அலையில் கவிழ்ந்தது. மற்றவர்கள் உழவர்கள், முழுகிப் போனார்கள். குப்பன் நீந்தினான். அவன் தீவில் கரையேறியதை வலை இழுத்தவர்கள் பார்த்தார்கள். அவர்கள் சொல்லித்தான் இவளுக்குத் தெரியும். கோட்டைக்கும் அதே வாய்தான் சேதி சொல்லியிருக்கும்.

காட்டுக்குள் காற்றில்லை. தண்ணீர் மேல் காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்பதை வைத்து வழி போகிறவர்கள் அவர்கள். இங்கே இரண்டு கன்னமும் ஒரே மாதிரி வேர்த்தது. பாலை மரங்களின் மேல் பிரம்பு ஏறிப் பின்னிக்கொண்டு வெயிலையும் மறைத்தது. காய்ந்த குட்டை ஒன்றைக் கடந்தார்கள். பிறகு ஈச்சம் புதர்கள். கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த, காட்டிலேயே வாழும் ஏனாதிப் பெண் ஒருத்தி, நேற்று ஒருவன் ஈச்சங்குருத்து தின்றுகொண்டிருந்தான் என்று தெலுங்கில் சொன்னாள். எந்தப் பக்கம் போனான் என்றதற்குக் கையைக் காட்டினாள். காட்டிய பக்கம் நடந்தார்கள். உடைந்த புற்று ஒன்று வந்தது. வெகுநேரம் கழித்து அதே புற்று மறுபடியும் வந்தது.

“கோயிலு சுத்தற மாரி இத்தையே சுத்திகினு கீறோம்,” என்றான் அங்கமுத்து.

“கூப்புட்டுப் பாக்கட்டா?”

“கூப்புடு. கோட்டையாளும் சேந்து வரட்டும்.”

அவள் நடந்தாள். ஒரு மணல்மேட்டில் மரங்கள் விலகி வானம் தெரிந்தது. அவள் நின்றாள்.

“புகை போடலாம்யா.”

ஏரியில் கட்டுமரம் சேற்றுத் திட்டில் மாட்டிக்கொண்டால், மாட்டியவன் பச்சை ஓலையைக் கொளுத்திப் புகை போடுவான். பார்த்தவன் வலையை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். பேச்சுவார்த்தை அறுந்துபோன பங்காளியாக இருந்தாலும் வர வேண்டும். வராதவன் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

“அவங்க பாத்தா?” என்றான் அங்கமுத்து.

“துப்பாக்கிக்காரனுக்கு இன்னா தெரியும்? ஏனாதி எவனோ எலி சுடறான்னு நெனைப்பான். எந்தம்பிக்குத் தெரியும்.”

அவனுக்கும் சரியாகத்தான் பட்டது. சக்கிமுக்கிக் கல்லைத் தட்டினான். காய்ந்த சருகு பிடித்ததும் பச்சை ஈச்சம் ஓலையைப் போட்டார்கள். புகை வெள்ளையாக, தடியாக எழுந்து மரங்களுக்கு மேலே போய் நின்றது.

குப்பன் வந்தான். புதரை விலக்கிக்கொண்டு ஓடியே வந்தான். உதடு வெடித்திருந்தது. மார்பெல்லாம் முள் கீறல்.

“யாருக்கு இன்னா ஆச்சு மாமா?”

“உனக்குத்தான்டா,” என்று லோகநாயகி அவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடவில்லை.

“நீங்கதான் மாட்டிக்கினீங்கன்னு வந்தேன்க்கா. இல்லாட்டி வெளிய வந்துருக்க மாட்டேன்.”

“பேசாத, நட.”

அங்கமுத்து நெருப்பின் மேல் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தான். கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. குப்பத்துக் குரல்.

“எவன்டா அது? அடி கிடி பட்டுச்சா?”

திருவேங்கடம் மேடேறி வந்தான். நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவன். கையில் படகு தள்ளும் கழி இருந்தது. அவர்களைப் பார்த்ததும் முதலில் சிரித்தான். பிறகு குப்பனைப் பார்த்தான். அவன் பின்னால் சிப்பாய்கள் மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

சிப்பாய்களை லோகநாயகி நினைத்திருந்தாள். ஏரியில் அவர்களுக்குக் கழி போட ஏரிக்காரன் ஒருவன் வேண்டும் என்பதை நினைக்கவில்லை.

“நான் இன்னா கண்டேன்?” என்றான் திருவேங்கடம். “புகை தெரிஞ்சுது. எவனோ மாட்டிக்கினான்னு வாய் வுட்டே சொல்லிட்டேன். படவைத் திருப்பிட்டேன்மே. எப்பவும் திருப்பறதுதான?”

குப்பனின் கைகளைப் பின்னால் கட்டும்போது தலைமயிரிலிருந்து லோகநாயகியின் விரல்களைச் சிப்பாய்தான் பிரித்தான். குப்பன் திமிறவில்லை. திருவேங்கடத்தைப் பார்த்து, “அண்ணே, இவுங்களைக் கரையில சேத்துடு. வழி தெரியாது,” என்றான்.

மறுநாள் காலையில் குப்பனையும் வேறு சிலரையும் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். அலை குறைவாக இருந்தது. படகு கவிழவில்லை. வெயில் ஏறியதும் கப்பல் பாய் விரித்துத் தென்கிழக்கே போயிற்று. அங்கமுத்து ஏரிக்குப் போய்க் கொஞ்சம் பொடி இறால் கொண்டுவந்தான். திருவேங்கடம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஓதம் வடிந்து தண்ணீர் வற்றியதும் பெண்கள் சேற்றில் மட்டி பொறுக்கப் போனார்கள். லோகநாயகியும் போனாள். அன்றைக்கு மட்டி கிடைத்தது.