வலப்பக்கம் துடித்த வீரையன்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் வீரையனின் இருமலைத் தெரியாதவர்கள் கிடையாது. கூலிப் போராட்ட ஊர்வலத்தில் கொடி முன்னால் போகும். இருமல் அதற்கும் முன்னால் போகும். பண்ணையார் வீட்டு நாய்கூட அந்தச் சத்தத்துக்குக் குரைப்பதை நிறுத்திவிட்டது. நில உச்சவரம்புச் சட்டத்தில் ஒரு ஏக்கர் கைக்கு வந்தபோதும் முதலில் இருமிவிட்டுத்தான் சிரித்தார்.

நிலம் வந்ததும் அண்ணன் உத்திராபதிக்குக் கவலையும் வந்தது. பிள்ளையில்லாத வீட்டில் நிலம் யாருக்கு? பெண்டாட்டி ராசம்மாள் வயிற்றில் இன்னும் ஒரு புழு பூச்சி இல்லை, இன்னொருத்தியைக் கட்டு என்று போகிறபோதும் வருகிறபோதும் சொன்னார். ராசம்மாள் அரசமரம் சுற்றினாள். வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவத்தியும் ஏற்றினாள்.

இருமல் முற்றித் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் படுத்தபோதுதான் அவருக்கு இதயம் வலப்பக்கம் என்று தெரிந்தது. அதுமுதல் டாக்டர் படிப்புப் பரீட்சை வந்தால், மாணவர்கள் சோதித்துப் பார்க்க நோயாளியாக வந்து படுக்கச் சொல்லி அவருக்கு ஆள் வரும். இடப்பக்கம் நெஞ்சில் துடிப்புக் கேட்கும் குழாயை வைத்துவிட்டு மாணவர்கள் வேர்ப்பதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு குஷி.

அப்படிப் போயிருந்த ஒரு பங்குனியில், டாக்டர் மெஹராஜ் பேகம் கட்டிலருகே மாணவர்களுக்குச் சொன்னதை அவரும் கேட்டார். மூச்சுக்குழலின் உட்சுவரில் நாற்றங்கால்போல நெருக்கமாக நுண்மயிர்கள் உண்டாம். அவை அலையடித்துச் சளியை மேலே தள்ளுமாம். ஒவ்வொரு மயிருக்குள்ளும் பந்தக்கால் நட்டதுபோல வட்டமாகப் புரதக் குழல்கள். குழலைக் குழல் இழுத்து மயிரை வளைப்பவை டைனின் என்ற இன்னொரு புரதத்தின் குட்டிக் கைகள். இவருக்கு அந்தக் கைகள் இல்லை. மயிர் நிற்கும், ஆடாது. கருவிலேயே இதயம் பக்கம் மாறியதும் அதனால்தான் என்று நினைக்கிறார்களாம். விந்தணுவின் வாலுக்கும் அதே கட்டுமானம்தானாம்.

வாய்க்கால் தூர்வாரும்போது வரிசையாக நின்று மண்கூடை கைமாற்றுவது வீரையனுக்கு ஞாபகம் வந்தது. ஆள் நிற்கிறான், கை இல்லை. அடுத்து, ராசம்மாள் சுற்றிய அரசமரம் ஞாபகம் வந்தது. பண்ணை வாசலில் கோஷம் போட்ட வாய், வீடு திரும்பியதும் பூட்டிக்கொண்டது.

ஆவணியில் அண்ணன், தம்பிக்கு இரண்டாந்தாரமாகப் பார்த்த பெண்ணின் அப்பா துரைராசுவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ராசம்மாள் யார் முகத்தையும் பார்க்காமல் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போனாள். வீரையன் அவள் போன கதவைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றினார்.

“மாமா, காதை இங்க வைங்க.”

துரைராசு தயங்கித் தயங்கி இடப்பக்க நெஞ்சில் காதை வைத்தார். சத்தத்தைக் காணோம். மிரண்டுபோனார். வலப்பக்கம் வைக்கச் சொன்னால், திமுதிமுவென்று அடிக்கிறது.

“எந்தக் கோளாறு இதை இந்தப் பக்கம் தள்ளுச்சோ, அதுதான் மாமா இருமலுக்கும் காரணம், பிள்ளை இல்லாததுக்கும் காரணம். வித்து உசுரோடதான் இருக்கு, வால் ஆடாது. அவ மேல ஒரு குத்தமும் இல்ல. ஒங்க பொண்ணைக் கட்டினாலும் இதே கதைதான்.”

துரைராசு காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். நல்லவேளை காதை வைத்தோம் என்று முணுமுணுத்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்பினார். அண்ணன் விடுவதாக இல்லை. அப்படியானால் நிலம் யாருக்கு என்றார்.

“எனக்கு மட்டும் எந்த அப்பன் எழுதி வெச்சாண்ணே? கூடக் கொடி பிடிச்சவன் புள்ள எவனாவது உழுவான்.”

அவரும் போனபின் ராசம்மாள் வெளியே வந்தாள்.

“இது எப்பலேருந்து தெரியும் ஒங்களுக்கு?”

வீரையன் நீளமாக இருமினார்.

“இருமினா பதில் சொன்னதாயிடாது” என்று எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.