‘முடிந்தது’ என்றொரு கட்டம்

மாநிலப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு ஒருங்கிணைப்பாளர். பதவியின் பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘தேதியம்மா’. முதுகுக்குப் பின்னால்தான். ஒருநாள் கணக்கெடுப்புப் பிரிவு எழுத்தர் வாய்தவறி நேரிலேயே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டபோது, “பரவால்ல, இதைவிட மோசமா வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்” என்று சிரித்துவிட்டுப் போனார்.

பெயர் வந்த காரணம் பெரிய ரகசியமில்லை. “கூடிய சீக்கிரம் பண்ணிடறோம் மேடம்” என்று எந்த மாவட்டத்து அதிகாரியாவது சொன்னால் போதும். “கூடிய சீக்கிரம் எந்தக் கிழமையில வருது?” என்பார். எதிர்முனையில் மென்று முழுங்குவது கேட்கும். தேதி கிடைக்காமல் போனை வைக்க மாட்டார்.

அவர் மருத்துவர் இல்லை. ஊசி போடுவதும் கத்தி பிடிப்பதும் அடுத்தவர் வேலை. பத்தொன்பது மாவட்டங்களில் பரிசோதனை வண்டி எங்கே நிற்கிறது, எந்த ஆய்வகத்தில் முடிவுகள் தூங்குகின்றன, எந்த ஆஸ்பத்திரியில் இயந்திரம் இருந்தும் இயக்க ஆளில்லை என்று துரத்துவதுதான் அவர் வேலை. இருபத்தாறு வருடங்களாகத் துரத்துகிறார். சலிக்கவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்க வைக்கலாம் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. மற்றவர்களுக்குத்தான் கொஞ்சம் அவசரம் போதாது என்பது அவர் கட்சி.

அவருடைய பெருமை ஒரு படிவம். பதினோரு பக்கமாக இருந்ததை இரண்டு வருடம் சண்டை போட்டு ஒரே பக்கமாக்கினார். முகாமில் சந்தேகத்துக்கு உள்ளாகி, பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டாவது சோதனைக்குப் போகவேண்டியவர்களின் பட்டியல் அது. நாலே கட்டங்கள்: பெயர், தொலைபேசி எண், எதில் சந்தேகம், முடிந்தது. கடைசிக் கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும். அச்சுக்குப் போகும் முன் கணவரிடம் காட்டினார். அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை” என்று சான்றிதழ் கொடுத்தார்.

வியாழக்கிழமை ஆண்டுக் கூட்டம். கடைக்கோடி மாவட்டம் ஒன்றில் நாற்பத்தொரு பெண்களுக்கு நாற்பத்தொரு டிக். நூற்றுக்கு நூறு. அதையே மற்ற மாவட்டங்களுக்கு முன்மாதிரியாக அறிவிக்கப் போவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை மத்தியானம், சும்மா ஒரு திருப்திக்காக, பெரிய ஆஸ்பத்திரியின் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார் தேதியம்மா. அந்த மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் இருபத்திநாலு பேர்தான்.

மீதி பதினேழு பேர் எங்கே?

மறுநாள் காலை கிளம்பி, நாலு மணி நேரப் பயணத்துக்குப் பின் முகாம் நடத்திப் பட்டியலை அனுப்பிய சுகாதார நிலையத்தில் போய் இறங்கினார். இரண்டு அறைகள், ஒரு எடை மெஷின், ஓயாமல் கிறீச்சிடும் மின்விசிறி. அங்கிருந்த நர்ஸுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஊரில் ஒருத்தர் விடாமல் தெரியும். எதிராளி வாயைத் திறப்பதற்குள் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவார். பட்டியல் அவர் கையெழுத்தில்தான் இருந்தது.

“சிஸ்டர், இந்தப் பதினேழு பேரும் ஆஸ்பத்திரிக்கே போகலையே. எப்படி டிக் போட்டீங்க?”

“போன் பண்ணினேனே மேடம். சில பேர் எடுத்தாங்க, வரேன்னாங்க. சில பேர் எடுக்கவே இல்லை. வீட்டுக்கும் போய்ப் பாத்தேன், பூட்டிக்கிடந்தது.”

“அப்புறம் ‘முடிந்தது’ன்னு போட்டிருக்கீங்க?”

நர்ஸ் அப்பாவியாகப் பார்த்தார். “நம்மால முடிஞ்சதுன்னுதானே மேடம் அர்த்தம்? என்னால முடிஞ்சதைச் செஞ்சேன். டிக் போட்டேன்.”

தேதியம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டுவதற்காக நாலு மணி நேரம் சேர்த்துவைத்த வார்த்தைகள் அத்தனையும் அவர் பக்கமே திரும்பின. வேலை முடிந்ததா என்று அவர் கேட்டிருந்தார். உன்னால் முடிந்ததா என்று இவர் படித்திருந்தார். இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே வார்த்தை, பிழை இல்லாத அச்சு. ஊரெல்லாம் தேதி கேட்கிற பெண்மணி, தன் படிவத்தில் தேதிக்கு ஒரு கட்டம் வைக்க மறந்திருந்தார்.

“தப்பு உங்க மேல இல்ல சிஸ்டர். என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன். போனை எடுங்க. ஆரம்பத்துலேர்ந்து வருவோம்.”

இரண்டு பேரும் மேஜைக்கு இருபுறமும் உட்கார்ந்தார்கள். ஒருத்திக்குத் துணைக்கு ஆளில்லை, ஒருத்திக்கு வண்டியில்லை, ஒருத்தியின் மாமியார் விடவில்லை. மாமியாரிடம் தேதியம்மாவே பேசினார். கடைசியில் அந்த மாமியாரே கூட வருவதாக ஒத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் பதினாறு பேருக்குத் தேதி, வண்டி, கூட வரும் ஆள், எல்லாம் எழுதியாகிவிட்டது.

“பதினேழாவது?”

“அதை விடுங்க மேடம். அது நான் பாத்துக்கறேன்.”

சொன்ன வேகத்தில் ஏதோ சரியில்லை. தேதியம்மா பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, அந்த எண்ணை அழுத்தினார். நர்ஸின் அங்கிப் பைக்குள் மணி அடித்தது.

நர்ஸ் எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“முகாம் முடிஞ்சு கூட்டம் கலைஞ்சப்புறம் டாக்டரம்மா என்னையும் பாத்தாங்க. இடது பக்கம் ஒரு கட்டி. எனக்கு நானே எப்படி மேடம் போன் பண்றது?” என்றார். அதுவரை ஓயாமல் பேசியவரின் குரல் உள்ளே போயிருந்தது. “ஊருக்கெல்லாம் பயப்படாதேன்னு சொல்ல முடிஞ்சது. எனக்குச் சொல்லிக்க முடியல.”

தேதியம்மா போனை வைக்கவில்லை. “எடுங்க சிஸ்டர். நாற்பது பேருக்கு நீங்க பண்ணினீங்க. உங்களுக்கு ஒருத்தர் பண்ண வேண்டாமா?”

நர்ஸ் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருவரும் போனிலேயே பேசினார்கள்.

“வணக்கம். சுகாதாரத் துறையிலேர்ந்து பேசறேன். உங்களுக்கு இன்னொரு சோதனை பாக்கி இருக்கு. என்னிக்கு வரீங்க?”

“கூடிய சீக்கிரம் வரேன்.”

“கூடிய சீக்கிரம் எந்தக் கிழமையில வருது?”

நர்ஸ் குபீரென்று சிரித்தார். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. “நாளைக்கு” என்றார். “கூட நீங்க வருவீங்களா?”

வந்தார். புதன்கிழமை முழுவதும் ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை கூட்டத்தில், நூற்றுக்கு நூறு என்பது தவறு, தவறு தன் படிவத்தில், என்று எழுந்து நின்று சொன்னார். செயலாளரின் முகம் சுருங்கியது. அதைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவில்லை. மற்ற பதினெட்டு மாவட்டங்களிலும் ‘முடிந்தது’ போட்டவர்களை ஒருவர் விடாமல் திரும்பச் சரிபார்க்க அங்கேயே தேதி வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

வீட்டில் கணவர் படிவத்தை மறுபடி பார்த்து, “எழுத்துப்பிழை இல்லைன்னுதானே சொன்னேன்? பொருட்பிழையைப் பத்தி நீ கேக்கவே இல்லையே” என்றார். அன்றைக்கு அவருக்கு நல்ல பாட்டு கிடைத்தது. புதிய படிவத்தில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு: ‘எந்தத் தேதியில் சோதனை நடந்தது?’

பதினேழு பேரில் பதினாலு பேருக்கு ஒன்றுமில்லை. மூன்று பேருக்கு இருந்தது. அந்த மூவரில் நர்ஸும் ஒருவர். கட்டி சின்னதாக இருந்தபோதே எடுத்துவிட்டார்கள். பிறகு மருந்து, மாதக்கணக்கில்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலை, தேதியம்மாவின் போன் அடித்தது. கடைசி மருந்தும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்று பேசினார் நர்ஸ்.

“மேடம், முடிஞ்சது.”

தேதியம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆனாலும் பழக்கம் விடுமா?

“எந்த முடிஞ்சது, சிஸ்டர்?”

“ரெண்டும்தான் மேடம்.”