மூன்றாவது பெயர்

அன்று விருத்தாசலத்தில் அண்ணன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். அண்ணன், அண்ணி, நான், ரங்கநாதன் மாமா, கருவேப்பிலங்குறிச்சி ஆரோக்கியசாமி. ஐந்து பேர். பின்னால் யாரும் ‘அப்படிச் சொல்லவே இல்லை’ என்று மாற்றிப் பேசக் கூடாது பாருங்கள்.

ஆரோக்கியசாமி கேட்டது ஒன்றே ஒன்றுதான். எங்கள் அப்பாவின் முதலாண்டு நினைவஞ்சலி நோட்டீஸில், பிள்ளைகள் வரிசையில் தன் பெயரும் வர வேண்டும். நிலம் வேண்டாம், வீடு வேண்டாம்... பெயர் மட்டும். கையில் ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல். தகப்பன் என்ற இடத்தில் அப்பாவின் பெயர். தொழில் – பீங்கான் தொழிற்சாலை.

“சர்ச்சு நோட்டுல யார் பேர வேணா எழுதலாம். டிவில காட்டறான்ல, டி.என்.ஏ. டெஸ்ட்டு... அத எடுத்துக்கிட்டு வா. எங்க ரத்தம்னா செலவு பூரா நான் தரேன்” என்றார் அண்ணன்.

“ஒத்துப் பாக்க உங்க ரத்தமும் வேணுமாங்கண்ணே” என்றார் ஆரோக்கியசாமி.

“இப்பவே அண்ணேன்னு கூப்புடாத. இவன் குடுப்பான்” – என்னைக் காட்டினார்.

கொடுத்தேன். ரத்தம் ஹைதராபாத் லேபுக்குப் போனது. என்னைப் பிடித்துக்கொண்டது கவலை. எட்டாம் வகுப்போடு நின்றவன், இந்த விஞ்ஞானமெல்லாம் எனக்கென்ன தெரியும்? பொருந்தவில்லை என்று வந்தால் அப்பாவின் பிள்ளை இல்லாதவன் அவரா... நானா? கண்ணாடியில் என் மூக்கை எத்தனை தரம் பார்த்திருப்பேன்!

பொருந்தியது. இருவரும் ஒரே தகப்பன் வழி. அப்பாவோ அண்ணன் தம்பி இல்லாதவர். வேறென்ன வேண்டும்?

ரிப்போர்ட்டோடு ஓடினேன். அண்ணன் மூக்குக்கண்ணாடியைக்கூட எடுத்து மாட்டவில்லை. “காசு குடுத்தா லேபுக்காரன் எத வேணா எழுதுவான்டா.”

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. பீரோவைத் திறந்து ஒரு தாளை எடுத்துவந்து என் மடியில் போட்டார். “படிங்க தம்பி. உங்கப்பா செத்தப்ப பீங்கான் ஆபீஸுல குடுத்தது. ஒரு வருசமா இந்த மனுசன் பூட்டி வச்சிருக்காரு.”

குடும்ப விவரப் படிவம். அப்பாவின் கோணல் எழுத்து. மகன்கள் – மூன்று. மூன்றாவது பெயர் ஆரோக்கியசாமி.

தெரிந்தே அண்ணன் ரத்தம் கேட்டிருக்கிறார்! தாளைப் பூட்டி வைத்துக்கொண்டு ஒருவனிடம் ஆதாரம் கேட்பதற்கு என்ன நெஞ்சழுத்தம் வேண்டும்? ‘நீ யார் பிள்ளை, நிரூபி’ என்று என்னை யாராவது என்றைக்காவது கேட்டார்களா? அண்ணனைக் கேட்டார்களா?

நோட்டீஸை நானே அடித்தேன். மூன்று பெயர். கருவேப்பிலங்குறிச்சிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆரோக்கியசாமி இரண்டு தரம் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “இருங்கண்ணே, டீ சாப்புட்டுப் போவலாம்.”

பாக்கெட் பால் டீ. தொழுவம் காலி. டெஸ்ட்டுக்காகக் கறவை மாட்டை விற்றிருக்கிறார்... அப்போதுதான் தெரிந்தது.

ஐந்து பேர் நடுவில் அண்ணன் சொன்ன சொல். டெஸ்ட்டுச் செலவு பன்னிரண்டாயிரம் ரூபாய். இன்னும் வரவில்லை.