முதலில் கேட்க வேண்டிய ஆள்

சறோஜா ரீச்சர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஏழாம் வகுப்பில் ஒரு மர்மக் கதையை வாசித்துக்கொண்டிருந்தேன். அதிபர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. ரீச்சரை யாழ்ப்பாணத்தில் சிகிச்சைக்குச் சேர்த்த நாளிலிருந்து நாங்கள் எல்லோரும் பயந்திருந்த செய்தி அதிபரின் முகத்திலேயே இருந்தது. கதையில் அப்போதுதான் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் யாரோ இருமிய சத்தம் கேட்டிருந்தது. நிறுத்தினால் பிள்ளைகள் காரணம் கேட்பார்கள். அத்தியாயம் முடியும்வரை வாசித்தேன். என் குரல் வேறு யாருடையதோ போலப் பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. புத்தகத்தை மூடியதும், "பிறகு, மிஸ்?" என்று கடைசி வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். அந்தக் கேள்வியை எங்கள் பாடசாலைக்குள் கொண்டுவந்தவர் சறோஜா ரீச்சர்தான்.

தர்மபுரத்துப் பக்கத்தில் அவரிடம் கணிதம் படித்தவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். உங்களுக்கு அவர் சோக்கட்டித் தூளோடு நினைவில் நிற்பார். பின்னத்தைக் கண்டு பயந்தவனை, "பின்னம் உன்னைக் கடிக்காது, நீதான் அதை வெட்டோணும்" என்று பலகைக்கு இழுத்துவந்த ரீச்சர். நான் அறிந்தவர் கொஞ்சம் வேறு. நான் தமிழ் படிப்பிக்க அங்கே வந்த காலத்தில், நூலகப் பாடவேளையை எடுத்துக்கொண்டிருந்தவர் அவர்.

நூலகம் என்று சொன்னாலும் அது ஓர் அறையும் இரண்டு அலுமாரிகளும்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பிய புத்தகங்கள் நிறைந்திருந்தன. பெரிய மனிதர்களின் வரலாறுகள், ஒழுக்கக் கதைகள், தடித்த அட்டைகள். அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் தலை பின்னினார்கள், வீட்டுவேலை செய்தார்கள், தூங்கினார்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளே வாசிக்கவில்லை. நான் எனக்குப் பிடித்த நல்ல சிறுகதைகளைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் சறோஜா ரீச்சர் சிரித்தார்.

"செத்தவீட்டில தேவாரம் கேக்கிற மாதிரிக் கேக்குதுகள், தங்கச்சி. நீர் வாசிக்கிறது நல்ல கதைதான். ஆனா இதுகளுக்கு மிச்சத்தை அறியவேணும் எண்டு ஒரு அந்தரமும் இல்லை."

மர்மக் கதை வாசித்துக் காட்டுவோம் என்றார். அவற்றைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கவில்லை. அவருக்கோ ஒரு கணித ஆசிரியையின் காரணம் இருந்தது. கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஒருவராலும் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது என்பார். ஆனால் எல்லா மர்மக் கதையும் அவருக்கு ஆகாது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வரும் கடைகளில், வளையல் கடைக்கும் விளையாட்டுச் சாமான் கடைக்கும் நடுவில் ஒருவர் பழைய புத்தகங்களைச் சாக்கில் பரப்பி வைத்திருப்பார். ரீச்சர் அங்கே குந்தியிருந்து ஒவ்வொன்றாக வாசித்துப் பார்ப்பார். சனம் காலில் இடறிக்கொண்டு போகும். இரண்டாம் பக்கத்துக்குள் ஏதாவது காணாமற்போகவேண்டும். அத்தியாயம் சின்னதாக இருக்கவேண்டும். "புத்திமதி சொல்லுற மாமா ஒராள் வந்தாரெண்டால் மூடி வைச்சிடும். அந்தாளை நாங்கள் பள்ளிக்கூடத்திலயே வைச்சிருக்கிறம்" என்பார். அதிபருக்குக் கேட்கும் தூரத்திலும் இதைச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு சட்டமும் இருந்தது. முடிவை யாரும் யாருக்கும் சொல்லப்படாது. அதிபர் ஒருநாள் ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இதில கள்ளன் ஆர், ரீச்சர்?" என்று கேட்டபோது, "எடுத்துக்கொண்டு போய் வாசியுங்கோ சேர், பதிவில உங்கட பேரைப் போடுறன்" என்று பதில் வந்தது.

அவர் வாசித்துக் காட்டிய முதல் கதைகளில் ஒன்றை நான் மறக்கமாட்டேன். மலைநாட்டு ஊர் ஒன்றில் விடுமுறைக்குப் போகும் சிறுவர்கள், பாழடைந்த தோட்டத்தில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு துருப்பிடித்த இரும்புப் பெட்டியின் மூலை நீட்டிக்கொண்டிருப்பதைக் காண்கிறார்கள். எழுதியவர் அதைப் புதையல் என்று நினைத்து எழுதியிருக்கிறார். கதையில் ஒரு சிறுமி குனிந்து கையை நீட்டினாள். வகுப்பு மூச்சை அடக்கியது. முன்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை மெதுவாக, "தொடவேண்டாமெண்டு சொல்லுங்கோ ரீச்சர்" என்றது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எல்லாப் பிள்ளைகளின் முகமும் ஒரே மாதிரி இருந்தது. முதலாம் வகுப்பிலிருந்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட விஷயம் அது: மண்ணுக்குள் இரும்பு தெரிந்தால் மிதிவெடியாக இருக்கும், தொடாதே, வந்த காலடியிலேயே திரும்பிப் போ, பெரியவர்களிடம் சொல்லு. "நீங்களெண்டால் என்ன செய்வியள்?" என்று ரீச்சர் கேட்டார். அவர்கள் சொன்னார்கள். தடி நடவேண்டும், சிவப்புத் துணி கட்டவேண்டும், ஆடு மாடு அந்தப் பக்கம் போகாமல் பார்க்கவேண்டும். மணி அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை. பெட்டிக்குள் பழைய நாணயங்கள் இருந்தன என்று வாசித்தபோதுகூட அவர்கள் நம்பவில்லை.

ஆசிரியர் அறையில் அதைச் சொல்லி நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "எழுதினவர் அவ்வளவு பயத்தை அதுக்குள்ள வைக்கேல்லை. எங்கட பிள்ளையள் தாங்களே கொண்டுவந்து போடுதுகள்" என்றார். அதன்பின் ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் புத்தகம் தெரிவுசெய்வதில் ஒரு கவனம் கூடியது. ஆள் காணாமற்போகும் கதைகளைத் தனியாக எடுத்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிடுவார். நகை காணாமற்போகலாம், நாய் காணாமற்போகலாம். ஆள் கூடாது. ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வகுப்பில் எத்தனை வீடுகளில் காணாமற்போன ஒருவரின் படம் இருக்கிறதென்று எனக்கும் தெரியும். அவருடைய தம்பி மகேசனும் கடைசி யுத்தத்தில் காணாமற்போனவர்தான்.

டிலக்சி அப்போது ஏழாம் வகுப்பு. புத்தகத்தைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், பக்கங்களை ஒரே வேகத்தில் புரட்டுவாள், கண் யன்னலில் இருக்கும். அவள் பிறக்க முன்னமே அவளுடைய அண்ணன் காணாமற்போய்விட்டான். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. தாய் அவனுடைய படத்தோடு, காணாமற்போனவர்களின் உறவினர் போராட்டம் இருக்கும் கிளிநொச்சி வீதியோரப் பந்தலில் போய் இருப்பவர். ரீச்சர் டிலக்சிக்கென்றே கதை தேடினார். பேய்க் கதை, திருட்டுக் கதை, குகைக் கதை எல்லாம் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் பிடிக்கவில்லை.

ஒருநாள் அலுமாரி துடைக்கும்போது அடித்தட்டிலிருந்த ஒரு புத்தகத்தை அவளாகவே எடுத்தாள். காணாமற்போன அண்ணனை ஒரு தங்கை தேடும் கதை. துடைக்கிற துணி தோளில் கிடக்க, நின்ற நிலையிலேயே வாசிக்கத் தொடங்கினாள். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வாங்கி வையுங்கோ ரீச்சர்" என்றேன்.

"வாசிக்கிற பிள்ளையின்ர கையில இருந்து புத்தகம் பறிச்சவள் எண்ட பேரோட நான் சாகேலாது."

"முடிவில அவன் வாறானோ, இல்லையோ?"

"எனக்குத் தெரியாது. தங்கச்சிக்காரி அவன்ர செருப்பைக் கண்டெடுக்கிற இடத்தோட நான் நிப்பாட்டிட்டன்."

எங்களிடம் அந்தப் புத்தகத்தின் வேறு பிரதி இருக்கவில்லை. டிலக்சி அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அண்ணன் செத்துப்போனான் என்று அந்தக் கதை முடிந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும். வந்துவிட்டான் என்று முடிந்தால் என்ன நடக்கும். இரண்டையும் நினைத்து நாங்கள் பயந்தோம். அவள் தினமும் பாடசாலைக்கு வந்தாள். அம்மாவும் கேட்கிறபடியால் சத்தமாக வாசிக்கிறாளாம் என்று மட்டும் அறிந்தோம். பிறகு இரண்டு நாள் வரவில்லை.

ரீச்சரின் ஸ்கூட்டியில் போனோம். வாய்க்கால் ஓரமாக உள்ளே இறங்கும் வீதி. டிலக்சியின் தாய் முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கதிரை கொண்டுவந்து போட்டார்.

"கதையை முடிச்சிட்டம் ரீச்சர்" என்றார், கேட்க முன்னமே.

"என்னெண்டு முடிஞ்சது, அக்கா?" ரீச்சர் கதிரையில் இருக்காமலே கேட்டார்.

"முடிவு சொல்லப்படாது எண்டு நீங்கள்தானாம் சட்டம் வைச்சனீங்கள். பிறகு என்னட்டக் கேக்கிறியள்."

ரீச்சர் தலையைக் குனிந்து சிரித்தார். தாயும் சிரித்தார். பிறகு நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே சொன்னார்: "ஆனா அதை எழுதினவர் ஒருநாளும் ஒருத்தரையும் தேடியிருக்கமாட்டார். அந்தப் பிள்ளை கடுதாசி பாக்குது, செருப்புப் பாக்குது, கிணத்தடியெல்லாம் பாக்குது. அவனைக் கடைசியாக் கண்ட ஆள் பக்கத்துத் தெருவில இருக்கிறான். அவனிட்டக் கடைசி மட்டும் கேக்கேல்லை. முதல் கேக்கவேண்டிய ஆள் அவனெல்லோ. நாங்களெண்டால் அதைத்தான் முதல் செய்வம்."

அதைத்தான் டிலக்சியும் பிடித்துக்கொண்டாளாம். எங்கட அண்ணாவைக் கடைசியாக் கண்டது ஆர் என்று தாயைக் கேட்டிருக்கிறாள். அதுவரை அவள் அண்ணனைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கடைசியாகக் கண்டவர் முல்லைத்தீவுப் பக்கம் இப்போது மீன் யாவாரம் செய்யும் ஒருவர். தாய் அவரிடம் பல தடவை போய் வந்தவர். தானும் கேட்கவேண்டுமென்று டிலக்சி அடம்பிடித்ததால் இருவரும் பஸ் ஏறிப் போயிருக்கிறார்கள். அதனால்தான் இரண்டு நாள் வரவில்லை.

"நான் இவ்வளவு காலமும் எங்க போனவன், ஆரோட போனவன், என்ன உடுப்பு எண்டுதான் கேட்டனான். இவள் போய், 'அண்ணா என்ன கதைச்சவர்' எண்டு கேக்கிறாள். அந்தாள் யோசிச்சுப்போட்டுச் சொல்லுது, கிரிக்கெட்டைப் பற்றிக் கதைச்சவனாம். கஞ்சி வரிசையில நிக்கேக்க. என்ர பிள்ளை கிரிக்கெட் கதைச்சவன் எண்டு எனக்கு இப்பதான் தெரியும்."

அவர் அழவில்லை. காகத்தைக் கலைத்தார்.

படலைவரை எங்களோடு வந்த டிலக்சி, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்: "முடிவில அவர் வாறார், மிஸ். கதையெண்டபடியால் வாறார்." பிறகு ரீச்சரைப் பார்த்து வேறு புத்தகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

திரும்பி வரும்போது வாய்க்கால் கட்டில் ரீச்சர் ஸ்கூட்டியை நிறுத்தினார். இயந்திரம் நின்றதும் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. அவருடைய தாய் தகப்பன் மலையகத் தேயிலைத் தோட்டக்காட்டிலிருந்து வன்னிக்கு வந்து காணி வெட்டியவர்கள். பாடசாலையில் எங்களைப் போலவே கதைப்பார். மனது குழம்பினால் மட்டும் வீட்டுப் பேச்சு வந்துவிடும். அன்று அதுதான் வந்தது.

"மகேசனைக் கடைசியா பாத்தவரு வவுனியாவுலதான் இருக்காரு, தங்கச்சி. எங்க பழைய பக்கத்து வீட்டுக்காரரு. நான் ஒரு தடவகூடப் போய்க் கேக்கல. கேட்டா என்னமாச்சும் சொல்லிப்புடுவாருன்னு பயம்."

நான் இறங்கி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

அடுத்த விடுமுறையில் அவர் வவுனியா போனார். பாடசாலை தொடங்கிய அன்று நூலக அறையில் புத்தகங்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தோம். "போனனீங்களோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். கத்தரிக்கோலால் உறையின் ஓரத்தை நேராக வெட்டி முடித்தார். "அந்த மனுசன் போன வருசம் செத்துப்போட்டாராம். மனுசி தேத்தண்ணி தந்தவா. எல்லாருக்கும் சொன்னவராம், கேட்டு வந்த எல்லாருக்கும். நான் வருவன் எண்டு பாத்துக்கொண்டிருந்தவராம். மனுசிக்கு அவர் ஒண்டும் சொல்லேல்லை."

அதற்குப் பிறகு அவர் அடித்தட்டுப் புத்தகங்களை எடுத்து மற்றவற்றோடு அடுக்கினார். அவற்றுக்குத்தான் பிள்ளைகள் எனக்கு உனக்கு என்று அடிபட்டார்கள். அவருக்கு நோய் வந்து வகுப்புக்கு வருவது குறைந்தபோதும், எந்தப் பிள்ளை எதில் நிற்கிறது என்று தொலைபேசியில் விசாரித்தார். கடைசியாக நான் பார்க்கப் போனபோது, கட்டிலில் சாய்ந்திருந்து, நான் கொண்டுபோன கதையின் முதல் பக்கங்களைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். "இது நல்லாப் போகும். ஆனா அந்த இன்ஸ்பெக்டர் மாமா கனக்கக் கதைக்கிறார்" என்றார். சற்றுப் பொறுத்து, என்னைப் பார்க்காமல், "கேக்கவேண்டிய ஆள் உயிரோட இருக்கேக்க கேட்டிடும், தங்கச்சி" என்றார். அவருடைய கதையைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையசைத்தேன்.

செத்தவீட்டில் பிள்ளைகள் வரிசையாக வந்து போனார்கள். டிலக்சி இப்போது பெரிய பிள்ளை. தாயோடு வந்து கால்மாட்டில் நின்றாள். பேய்கள் இருக்குமிடத்தில் குளிரும் என்று கதைகளில் எழுதுவார்கள். அந்த வீட்டில் எனக்கு அப்படி இருக்கவில்லை. பதில் தெரிந்த ஒருவர் எழும்பிப் போன அறையில் இருப்பதுபோல இருந்தது.

அவருடைய புத்தகங்கள் பாடசாலையில் இருக்கின்றன, அவை பிள்ளைகளுடையவை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவர் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வசனம்தான். என்னுடைய அம்மா இரண்டாயிரத்து ஒன்பதில் செல் குண்டு விழுந்து இறந்தவர். நான் அப்போது சித்தியோடு இடம்பெயர்ந்து முன்னால் போய்விட்டேன். அம்மாவை மண்ணுக்குள் தாட்டது அப்பா. எங்கே என்று அவர் சொன்னதில்லை, நான் கேட்டதில்லை. சறோஜா ரீச்சரை எரித்த அன்று பின்னேரம், அப்பா முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன்.

"அப்பா, அம்மாவை எங்க தாட்டனீங்கள்?"

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். தன் கைகளைப் பார்த்தார். பிறகு, நான் வயலுக்குச் சோறு கொண்டுவரட்டோ என்று கேட்டதுபோல, சாதாரணமாகச் சொன்னார்:

"நாளைக்குச் சனிக்கிழமைதானே, பிள்ளை. வெள்ளன வெளிக்கிடு. வெயில் ஏற முன்னம் போவம்."