கரை தெரிந்ததும் ஒரு ரிங்

கடப்பாக்கத்தில் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுக்குப் பேசமாட்டார்கள்; ரிங் விடுவார்கள். படகு டவர் எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால், 'வந்துகினு கீறேன், வெந்நீர் வை' என்று அர்த்தம். இரண்டு முறை என்றால் மீன் நிறைய, கூடையோடு வா. இந்தப் பக்கம் எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் காசு போய்விடுமே என்று ஆரம்பித்த பழக்கம். பேசுவது இலவசமான பிறகும் யாரும் எடுப்பதில்லை.

என் அப்பாவும் அப்படித்தான். நாங்கள் நைனா என்றே கூப்பிடுவோம். பாலிதீன் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட பட்டன் போன் அவருடையது. காலையில் அந்த ரிங் வந்ததும் அம்மா முகம் மலர்ந்துவிடும். வாயில் மட்டும் நக்கல்தான் வரும். "வந்துட்டாரு தொர!"

நைனா கடலில் சாகவில்லை. வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் அம்மாவுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு தெருவை, பிறகு நைனா செத்ததையே. சிறுசேரி வேலையை விட்டுவிட்டு நான் அவளோடு வந்து இருந்தேன்.

"ரிங் வந்துச்சாடி?" தினமும் காலையில் இதே கேள்வி.

"யம்மா, நைனா செத்துட்டாரும்மா."

அப்போதுதான் கேள்விப்பட்டவள் போல மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். மதியத்துக்குள் மறந்துவிடுவாள். மறுநாள் மறுபடியும் சாவு வீடு. ஒரு மனுஷனை எத்தனை தடவைதான் சாகடிப்பது? ஒருநாள் எரிச்சலில், "வரலைன்னா வரலை, சும்மா இரேன்!" என்று கத்திவிட்டேன். அன்றைக்கு அவளே கரைக்குப் போய் அலையில் இறங்கி நின்றாள். பக்கத்து வீட்டு அண்ணன்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

பீரோவிலிருந்து நைனாவின் போனை எடுத்தேன். ரீசார்ஜ் பண்ணி, பின்பக்கம் முருங்கை மரத்தடியில் நின்று அம்மா போனுக்கு ஒரு ரிங் விட்டேன். உள்ளே அம்மா, "வந்துட்டாரு தொர!" என்றாள். பானையை நகர்த்தும் சத்தம் கேட்டது. அப்பாடா என்று இருந்தது, முதுகும் சில்லிட்டது.

அதற்கப்புறம் தினமும் காலையில் ரிங் விட்டேன். வெந்நீர் காய்வதற்குள் யாருக்காக வைத்தோம் என்பதை மறந்து, அதில் அவளே குளித்துவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்வாள். கடலில் இறங்கும் பேச்சே இல்லை. ஆனால் என்னைத்தான் என்னவோ பிடித்துக்கொண்டது. ரிங் விட்டதும் நானும் வாசலைப் பார்ப்பேன். டீசலும் ஈர வலையும் கலந்த அவர் சட்டை வாடை வீட்டுக்குள் வருகிற மாதிரி இருக்கும்.

ஒரு நாள், நான் கட் பண்ணுவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள். காலம் பூராவும் எடுக்காதவள்!

"இன்னாய்யா," என்றாள் என் காதில். "நீ செத்துட்டேன்னு நம்ம பொண்ணு சொல்றா. உசுரோடதான கீற?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மூச்சு மட்டும் வந்தது.

"மூச்சு கேக்குது. இரு, அவகிட்டயே குடுக்கிறேன். நீயே சொல்லு."

கட் பண்ண வேண்டும் என்றே தோன்றவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு வந்து போனை நீட்டினாள். "இந்தா, உங்க நைனா லைன்ல கீறாரு. பேசுடி."

அப்புறம்தான் என் காதில் இருந்த போனைப் பார்த்தாள். ரப்பர் பேண்ட் போட்ட அந்தப் போனை அவளுக்குத் தெரியாதா? வாங்கி, புடவைத் தலைப்பில் துடைத்தாள். அழப்போகிறாள் என்று பயந்தேன். அழவில்லை.

"அய்யோ, போனை வூட்லயே வெச்சிட்டுப் போய்ட்டாரே! மறதி புடிச்ச மனுஷன். இப்ப கடல்லேர்ந்து எப்படி ரிங் உடுவாரு?"

அன்றிலிருந்து விடிந்ததும் கரைக்குப் போய்விடுகிறாள். நானும் கூடவே போய் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் போனிலிருந்து ரிங் விட்டுப் பார்த்தேன், பலிக்கவில்லை. "அது அவரு இல்ல. அவரு போனுதான் இங்க கீதே," என்று மடியைத் தட்டிக் காட்டுகிறாள். என் பெயர் அவளுக்கு மறந்துவிட்டது, அவள் பெயரும் மறந்துவிட்டது. நைனா போனை எடுத்துக்கொண்டு போகவில்லை என்பதை மட்டும் அவள் மறக்கவே மாட்டேன் என்கிறாள்.